‘ஐ சா’ சொல்வதா, ‘ஐ ஹேவ் சீன்’ சொல்வதா?

ஒரு வாசகி கேட்கிறார்: “12 டென்ஸும் எனக்கு மனப்பாடம். ஆனால் பேசும்போது ‘ஐ சா’ சொல்வதா, ‘ஐ ஹேவ் சீன்’ சொல்வதா என்று தடுமாறுகிறேன். 30 நாள் பயிற்சி ஒன்றில் ஆயிரம் வாக்கியங்கள் கொண்ட புத்தகமும் தருகிறார்கள். சேரலாமா?”

சேராதீர்கள். உங்களிடம் இல்லாத எதையும் அந்தப் புத்தகம் தரப்போவதில்லை.

‘அவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொல்கிறீர்கள். ‘நேற்று பார்த்தேன்’ என்றும் சொல்கிறீர்கள். யாராவது ‘நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்றால் காதில் இடிக்கும். ஆங்கிலமும் இங்கே அப்படித்தான். முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’. எப்போது என்பது முக்கியமில்லை, பார்த்த அனுபவம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்’. இதைத் தமிழோடு சேர்த்துக் காட்டியிருந்தால் நீங்கள் ஒரு மணி நேரத்தில் பிடித்திருப்பீர்கள். பள்ளியிலோ அட்டவணை, கோடிட்ட இடம், மதிப்பெண். எத்தனை பிள்ளைகள் இப்படி வாயடைத்துப்போய் வெளியே வருகிறார்கள்!

‘இன்று காலை’ என்பதுதான் கொஞ்சம் சிக்கல். காலை பத்து மணிக்குப் பேசுகிறீர்கள், காலை இன்னும் முடியவில்லை. அப்போது ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’ சரி. அதையே சாயங்காலம் சொன்னால் ‘ஐ சா ஹிம் திஸ் மார்னிங்’. ‘திஸ் மார்னிங்’ அதேதான், கடிகாரம் நகர்ந்துவிட்டது. ‘திஸ் வீக்’ அப்படி இல்லை. சனிக்கிழமையும் அந்த வாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் சொல்லும் நேரம் முடிந்துவிட்டதா?

தமிழ் நம் காலை வாரிவிடும் இடமும் உண்டு. ‘திங்கட்கிழமையிலிருந்து இங்கே இருக்கிறேன்’ என்பதை அப்படியே ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் மண்டே’ ஆக்கிவிடுவோம். ‘ஐ ஹேவ் பீன் ஹியர் சின்ஸ் மண்டே’ என்பதே சரி.

இப்போது அந்த ஆயிரம் வாக்கியங்கள். விதிக்குப் பொருந்த யாரோ உட்கார்ந்து எழுதியவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். யார், யாரிடம், எப்போது சொன்னது என்பதே இராது. அது தெரியாமல் டென்ஸ் எப்படிப் புரியும்? 30 நாளில் சரளம், கையில் சான்றிதழ் என்று சொல்பவர் விற்பது உங்கள் பயத்தை. ‘இன்றே சேர்ந்தால் பாதிக் கட்டணம்’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனிதர்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டி, அதிலிருந்து எடுத்துக்காட்டு தரும் கோபில்ட் அகராதி 1987-லேயே வந்துவிட்டது. இன்று கோக்கா (COCA) என்ற அமெரிக்க ஆங்கில இணையத் தொகுப்பில் 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டு இலவசமாகத் தேடலாம். ‘ஐ ஹேவ் சீன்’ என்று தேடி இருபது வரி படியுங்கள். அப்புறம் ‘ஐ சா’வுக்கு இருபது. ஒவ்வொன்றிலும் நேரம் சொல்லும் சொல்லை மட்டும் அடிக்கோடிடுங்கள். பிறகு உங்கள் வாழ்க்கையில் நேற்று நடந்ததைப் பற்றி ஐந்து வரியும், எப்போதோ நடந்ததைப் பற்றி ஐந்து வரியும் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். மற்ற பத்து டென்ஸ் காத்திருக்கட்டும்.