லீப் ஆண்டு நிரல் 1900இல் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: நான் கல்லூரி முதலாமாண்டு மாணவி. லீப் ஆண்டைக் கண்டறியும் பயிற்சிக்குப் பைத்தானில் நிரல் எழுதினேன். 4ஆல் வகுபடுகிறதா என்று முதலில் ஓர் இஃப் (if, ‘இப்படி இருந்தால்’), பிறகு 100, 400 ஆகியவற்றுக்கு இரண்டு எலிஃப் (elif, ‘அது இல்லாமல் இப்படி இருந்தால்’), கடைசியில் எல்ஸ் (else, ‘எதுவும் இல்லையென்றால்’). 2000, 2023, 2024 மூன்றுக்கும் விடை சரியாக வருகிறது. 1900ஐ மட்டும் லீப் ஆண்டு என்கிறது. எலிஃப்களை இஃப் என்று மாற்றினால் 1900க்கு மூன்று வரிகள் அச்சாகின்றன. நிபந்தனைகளை எந்த வரிசையில் எழுத வேண்டும்?

பதில்: உங்கள் நிரலில் 2000க்குச் சரியான விடை வந்தது தற்செயல்தான். 400ஆல் வகுபடுவதால் அது லீப் ஆண்டு என்று நிரல் கண்டுபிடிக்கவில்லை. 4ஆல் வகுபட்டதுமே முதல் கிளையில் நுழைந்து, விடையைச் சொல்லிவிட்டு வெளியேறிவிட்டது. 100ஆல் வகுபடும் எந்த எண்ணும் 4ஆலும் வகுபடும் என்பதால், நீங்கள் எழுதிய இரண்டு எலிஃப் கிளைகளுக்கும் எந்த ஆண்டும் ஒருபோதும் போய்ச் சேராது. அவற்றை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஒரு விடைகூட மாறாது.

1582இல் நடைமுறைக்கு வந்த கிரிகோரியன் நாட்காட்டியின் விதி மூன்று அடுக்குகள் கொண்டது. 4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு என்பது பொதுவிதி. 100ஆல் வகுபட்டால் அல்ல என்பது அதற்கு விலக்கு. 400ஆல் வகுபட்டால் மீண்டும் லீப் ஆண்டே என்பது விலக்குக்கும் விலக்கு. இதனால் 400 ஆண்டுகளில் 100க்குப் பதிலாக 97 லீப் ஆண்டுகளே வருகின்றன. நம் இலக்கணப் பாடத்தில் பொதுவிதியை முதலில் சொல்லிச் சிறப்பு விதியைப் பின்னால் சொல்வார்கள். படிப்பவர் முழுவதையும் படித்த பிறகே முடிவெடுப்பார் என்பதால் அதில் குழப்பமில்லை. எலிஃப் சங்கிலியோ பொருந்துகிற முதல் கிளையிலேயே நின்றுவிடும். ஆகவே சிறப்பு விதியை முன்னே கொண்டுவர வேண்டும்:

இஃப் ஆண்டு % 400 == 0 : லீப் ஆண்டு
எலிஃப் ஆண்டு % 100 == 0 : அல்ல
எலிஃப் ஆண்டு % 4 == 0 : லீப் ஆண்டு
எல்ஸ் : அல்ல

(புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன், % என்பது வகுத்தபின் எஞ்சும் மீதியைத் தரும் குறி.)

எல்லாவற்றையும் இஃப் ஆக்கியபோது நடந்தது வேறு. அப்போது ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியாகச் சோதிக்கப்படுகிறது. கடைசி எல்ஸ் மூன்றாவது இஃபுக்கு மட்டுமே சொந்தமாகிறது. 1900க்கு முதல் இஃப் ‘லீப் ஆண்டு’ என்றும், இரண்டாவது ‘அல்ல’ என்றும், 400ஆல் வகுபடாததால் எல்ஸ் மீண்டும் ‘அல்ல’ என்றும் அச்சிட்டன. 2024ஐக் கொடுத்தாலும் முன்னுக்குப் பின் முரணாக இரண்டு வரிகள் வந்திருக்கும்.

எல்லாப் பயிற்சியிலும் வரிசை முக்கியமா என்றால், இல்லை. ஒரே எண் இரண்டு நிபந்தனைகளுக்குப் பொருந்துமானால், அவற்றின் விடைகளும் வேறாக இருந்தால்தான் வரிசை முக்கியம். தேர்ச்சிக்கு 35, முதல் வகுப்புக்கு 60 என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் நிரல் எழுதும்போது, 35ஐ முதலில் சோதித்தால் 90 வாங்கியவரும் வெறும் தேர்ச்சியோடு நின்றுவிடுவார். நேர்மறை, எதிர்மறை, பூஜ்யம் என்று பிரிக்கும் பயிற்சியில் எதை முன்னால் வைத்தாலும் ஒன்றுதான்.

சோதனைக்கு எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண்ணாவது இருக்கட்டும்: 2000, 1900, 2024, 2023. 1901 முதல் 2099 வரை 4ஆல் வகுத்துப் பார்ப்பதே போதும் என்பதால், அண்மைக்கால ஆண்டுகளை மட்டும் கொடுத்தால் இந்தப் பிழை அகப்படவே அகப்படாது. இதில் சறுக்கியது நீங்கள் மட்டுமல்ல. எக்செலில், 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணும் வழக்கமான 1900 தேதி முறையில், ஒரு கட்டத்துக்குள் 60 என்று இட்டுத் தேதியாக மாற்றிப் பாருங்கள். இல்லாத நாளான 1900 பிப்ரவரி 29 வந்து நிற்கும். லோட்டஸ் 1-2-3 விரிதாளில் இருந்த பிழையை, அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலும் தெரிந்தே வைத்துக்கொண்டது.