காய்ச்சலும் பாய்ச்சலும், நடுவே ஒரு சென்சாரும்

வணக்கம் ஐயா,

மன்னார்குடி பக்கம் இரண்டு ஏக்கர் குறுவை நெல், போர் தண்ணீர். வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் இறங்கியிருக்கிறேன். நீர்மட்டம் பார்க்க 30 செ.மீ. துளைக்குழாயைப் பாதி பதித்து, அதன் வாயில் எதிரொலியால் தூரம் அளக்கும் வாட்டர்புரூஃப் அல்ட்ராசானிக் சென்சார் வைத்து, ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை வழியாக மோட்டாரை ஓட்டுகிறேன். வயல் காய்ந்தால் சரியாகக் காட்டுகிறது. தண்ணீர் தளும்ப நின்றாலோ தரைக்குக் கீழே 8 செ.மீ. என்றே நிற்கிறது, மோட்டார் ஓய்வதில்லை. சென்சார் பழுதா? இந்த முறையால் வயலில் மீத்தேன் வாயு குறையும் என்பதும் உண்மைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழுதில்லை. குழாய் வாய் தரைக்கு மேலே 15, அதோடு உங்கள் 8, ஆக 23 செ.மீ. இந்த வகை சென்சாருக்கு முதல் 20, 25 செ.மீ. குருட்டுப் பகுதி. ஒலியை அனுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் ஒரே வட்டு. அனுப்பிய அதிர்வு அடங்குமுன் திரும்பிவரும் ஒலி அதன் காதில் விழாது.

ஆறு அங்குல பிவிசி குழாயில் 65 செ.மீ. வெட்டுங்கள். அடி 20 செ.மீ.யில் மட்டும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள். துளையின் உள்பிசிறை அரத்தால் தேய்க்காவிட்டால் பிசிறே எதிரொலிக்கும். துளைப்பகுதியைப் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை அள்ளிவிடுங்கள். மூடியை ஒட்டி ஒரு காற்றுத்துளை அவசியம். இல்லையென்றால் காற்று அடைபட்டு உள்மட்டம் ஏறாது. டெல்டாக் களிமண் துளைகளை அடைக்கும். வாரம் ஒருமுறை உள்ளே இருக்கும் நீரை மொண்டு கொட்டிப் பாருங்கள், வெளிமட்டத்துக்கு மறுபடி ஏற வேண்டும்.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். விடியலில் 25 டிகிரி, மதியம் 40 என்றால் 60 செ.மீ.யில் ஒன்றரை செ.மீ. பிசகும். விடியற்காலை அளவை நம்புங்கள். ஏழு அளவு எடுத்து நடு எண்ணைக் கொள்ளுங்கள்.

தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் மோட்டார் ஓடட்டும், மேலே 5 செ.மீ. ஏறினால் நிற்கட்டும். நட்ட இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். பூக்கும் முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் 5 செ.மீ. நீர் நின்றாக வேண்டும். பூத்தது சென்சாருக்குத் தெரியாது, தேதியை நீங்கள்தான் நிரலில் போட வேண்டும்.

மீத்தேன் குறைவது உண்மை. நீர் கட்டிய சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால்தான் அதை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. காய்ச்சலில் காற்று இறங்கினால் அவை ஒடுங்கும். மின்சாரம் இலவசம் என்பதால் பில்லில் எதுவும் தெரியாது, மிச்சம் நிலத்தடி நீரில்தான்.

சம்பாவுக்கு இது வேண்டாம். முறை வைத்து வாய்க்காலில் விடும் பாசனத்தில் தண்ணீர் நம் கணக்குக்கு வராது. ஐப்பசி அடைமழையில் வேண்டியது வடிகால். அதற்குள் கருவியைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.