அப்பிச்சிக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமுங்களா?

இந்த மாதம் தபாலிலும் வாட்ஸப்பிலும் வந்த கேள்விகளில் நான்கு, ஒரே செடியைச் சுற்றியே இருந்தன. சர்க்கரை, தைராய்டு கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு அடுத்த மாதம்.

வணக்கமுங்க அக்கா. எங்க அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, 71 வயது. குடலில் கட்டி என்று ஆபரேஷன் ஆகி, கோவையில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது கீமோவுக்கு அப்புறம் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். அம்மாயி தட்டை வைத்துக்கொண்டு அழுகிறார். பெங்களூரில் இருக்கும் என் தம்பி கஞ்சா எண்ணெய் என்று ஒரு பாட்டில் கொண்டு வந்திருக்கிறான், நாக்குக்கு அடியில் விட்டால் பசி எடுக்குமாம். ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் கேட்டதற்கு "இதெல்லாம் இங்கே பேசக் கூடாது" என்று எழுந்து போய்விட்டார். கொடுக்கலாமுங்களா?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

எழுந்து போனவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு டயட்டீஷியன்தான், பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் எங்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். நான் படித்த பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, பாட்டிலுக்கு வருவோம். முதலில் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். இந்தச் செடியில் எத்தனையோ வேதிப்பொருள் இருந்தாலும் நீங்கள் தேட வேண்டியது இரண்டு பெயர்கள்: டிஎச்சி, சிபிடி. போதையும் டிஎச்சிதான், பசியும் டிஎச்சிதான். சிபிடி போதை தராது, அதனால் "பயப்படாதீங்க, இது சாதுவானது" என்று சொல்லி விற்பார்கள். ஆனால் சிபிடியின் பக்க விளைவுப் பட்டியலில் பசி குறைவதும் வயிற்றுப்போக்கும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. பசிக்கு என்று வாங்கி, இருக்கிற கொஞ்சநஞ்சப் பசியையும் விரட்டுவதைக் கொடுத்துக்கொண்டிருப்போம், அதுவும் குடலில் கத்தி பட்ட மனிதருக்கு.

டிஎச்சி பசியைத் தூண்டும் என்பது உண்மைதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. அமெரிக்காவில் ட்ரோனபினால் என்ற மாத்திரை, அதாவது ஆய்வுக்கூடத்தில் செய்த டிஎச்சி, கீமோ வாந்திக்கு 1985லும், எய்ட்ஸ் நோயில் பசியில்லாமல் எடை குறைந்தவர்களுக்கு 1992லும் அனுமதி பெற்றது. ஆனால் புற்றுநோயில் கதை கொஞ்சம் வேறு. முற்றிய புற்றுநோய் உள்ள 469 பேரை வைத்து நடந்து 2002ல் வெளியான ஓர் ஆய்வில், மெஜெஸ்ட்ரால் என்ற பழைய பசி மருந்து 75 சதவீதம் பேருக்குப் பசியைக் கூட்டியது, ட்ரோனபினால் 49 சதவீதம் பேருக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள், கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. மெஜெஸ்ட்ராலும் இரத்தம் உறைய வைக்கிற ஆபத்து உள்ள மருந்துதான், நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அளவு தெரிந்த மாத்திரைக்கே இதுதான் நிலை என்றால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத எண்ணெயை நம்பி என்ன செய்ய? 71 வயதில் டிஎச்சி என்றால் தலைசுற்றல், குழப்பம், ராத்திரி பாத்ரூம் போகும்போது கீழே விழுவது, இதற்கெல்லாம் வழி. அப்பிச்சி வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? இந்த எண்ணெய் அதன் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

ஆகவே நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒருவேளை ஏற்கனவே இரண்டு சொட்டு விட்டிருந்தால் அதை மறைக்காமல் கீமோ டாக்டரிடம் பாட்டிலோடு போய்ச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

அதைவிட முக்கியம், அவர் ஏன் சாப்பிடவில்லை என்று யாராவது பார்த்தார்களா? வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், புண்ணோ வெள்ளைப் படலமோ இருக்கிறதா என்று. மலம் போய் எத்தனை நாள் ஆகிறது? வாந்தி மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா, வாந்தி வந்த பிறகுதான் போடுகிறாரா? என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்குச் சிக்கல் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அப்புறம் மதியம் குவித்து வைக்காமல் காலையில் எழுந்ததும் கொடுங்கள், அந்த நேரத்தில்தான் வயிறு கொஞ்சம் சொன்னபடி கேட்கும். சூடான சாப்பாட்டின் வாசமே சிலருக்குக் குமட்டும், ஆறிய சந்தகையில் (நம் ஊர் இடியாப்பம்தான்) தேங்காய்ப்பால், நாட்டுச்சர்க்கரை விட்டு நாலு வாய் கொடுத்துப் பாருங்கள். அரிசும்பருப்பைக் குழைய வேகவைத்து நெய்யைத் தாராளமாக ஊற்றுங்கள், கொலஸ்ட்ரால் வெசனமெல்லாம் இப்போது வேண்டாம். ராகிக் கூழ் வீட்டில் காய்ச்சியதாக இருக்கட்டும், ரோட்டோரத்துக் கூழ் கூடாது. அவருக்கு ரொம்பப் பிடித்த பலகாரத்தை மட்டும் கீமோ நாளன்று கொடுக்காதீர்கள், வாந்தியோடு சேர்ந்து அதன் மேலேயே வெறுப்பு விழுந்துவிடும். அம்மாயியிடம் சொல்லுங்கள், தட்டோடு பக்கத்தில் அழுவதற்குப் பதில் தானும் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி.

மேடம், நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நோயாளிகள் சிலர் "அந்த இலைச் சமாச்சாரம்" பயன்படுத்துவதாக ரகசியமாகச் சொல்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும், என்ன எழுதிவைக்க வேண்டும்?
— பெயர் வேண்டாம்

உங்கள் முகம் மாறாமல் இருந்ததால்தான் சொல்லியிருக்கிறார்கள் கண்ணு, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கலாமா கூடாதா என்ற தீர்ப்பு டாக்டருடையது. அது சாப்பாட்டை, எடையை, மாத்திரையை என்ன செய்கிறது என்று பார்ப்பது நம் வேலை.

புகைக்கிறாரா, எண்ணெயா, தின்கிறாரா என்று கேளுங்கள். புகை சில நிமிடத்தில் ஏறும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஈரலுக்குப் போய் இன்னும் வீரியமான வடிவமாக மாறி நெடுநேரம் நிற்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது உருண்டையை வாயில் போட்டுவிட்டு ராத்திரி எமர்ஜென்சிக்கு வருகிறவர்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

அடுத்தது கொழுப்பு, இது நம் துறைக்கே உரிய விஷயம். வலிப்பு நோய்க் குழந்தைகளுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சுத்தமான சிபிடி மருந்தை அமெரிக்கா 2018ல் அனுமதித்தது. அதை வெறும் வயிற்றில் குடிப்பதற்கும் கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு குடிப்பதற்கும் இரத்தத்தில் சேரும் அளவு நாலைந்து மடங்கு மாறுகிறது! இன்றைக்கு ரசஞ்சோறு, நாளைக்கு நெய் ரோஸ்ட் என்றிருந்தால் அதே சொட்டு இரண்டு வேறு மருந்து மாதிரி. ஆகவே சாப்பாட்டோடோ இல்லாமலோ, எப்படியானாலும் தினமும் ஒரே மாதிரி என்று எழுதிக்கொடுங்கள். அந்தக் குழந்தை கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவில் இருந்தால் டாக்டர் காதில் கட்டாயம் போடுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் கூட ஓடினால் ஈரல் என்சைம் ஏறுகிறதா என்று இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பையன் வருகிறான், மாதக்கணக்கில் விட்டுவிட்டு வாந்தி, எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, நாமும் வாயுத் தொல்லை என்று காரமில்லாத சாப்பாடு எழுதிக்கொடுக்கிறோம். அவன் அம்மா போகிற போக்கில், "எந்நேரமும் சுடுதண்ணியில குளிச்சுட்டே இருக்கானுங்க" என்பார். அங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகக் கஞ்சா புகைப்பவர்களுக்கு வரும் இந்த வாந்தியையும் சுடுதண்ணீர் ஆசையையும் 2004ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். வாந்தியை நிறுத்தும் என்று பெயர் வாங்கிய அதே செடி! தயிர்சோறும் இளநீரும் இதற்கு மருந்தில்லை, கஞ்சாவை விட்டால்தான் நிற்கும். ரொம்ப நாள் சாப்பிடாமல் வந்தவனுக்கு எடுத்தவுடனே தட்டை நிரப்பிவிடாதீர்கள், இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ், மக்னீசியம் அளவைப் பார்த்துச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

கேஸ் ஷீட்டில் "போதைப் பழக்கம்" என்று எழுதாதீர்கள். எதை, எப்படி, எவ்வளவு, எத்தனை நாளாக, அவ்வளவு போதும்.

எங்கள் தாத்தா காலத்தில் வைத்தியர் கஞ்சா சேர்த்த லேகியம் கொடுப்பாராம். நம் மருந்தைத்தான் வெள்ளைக்காரன் இப்போது புதிதாக விற்கிறானா? நாலு செடி தோட்டத்து ஓரத்தில் வைத்தால் என்ன தப்பு?
— விவசாயி, பொள்ளாச்சி

லேகியம் உண்மைதானுங்க. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் சுத்தி செய்து சேர்த்திருக்கிறார்கள், இன்றைக்கும் மருந்துச் சட்டம் அதை நச்சுப்பொருள் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்கிறது. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனி. தனி இலை அந்த விளக்கத்துக்குள் வராது, அந்த இடுக்கில்தான் "விஜயா" என்ற ஆயுர்வேதப் பெயரில் எண்ணெய்கள் மருத்துவர் சீட்டோடு விற்பனைக்கு வருகின்றன. ஆனால் செடி வளர்ப்பதற்கு இந்த இடுக்கெல்லாம் உதவாது, அனுமதியில்லாமல் வளர்த்தால் 10 வருடம் வரை சிறை. உத்தரகாண்டில் 2018ல் நாருக்காகப் போதை குறைந்த ரகத்துக்கு உரிமம் கொடுத்தார்கள், அது அங்கே. நீங்கள் தென்னைக்கு நடுவில் ஜாதிக்காய் வையுங்கள்.

ஜிம்மில் ஹெம்ப் விதைப் பொடி சாப்பிடச் சொல்கிறார்கள். அதுவும் கஞ்சாதானே, போதை ஏறுமா?
— திருப்பூர் வாசகர்

ஏறாது. விதையில் டிஎச்சி கிட்டத்தட்டக் கிடையாது. விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021ல் அனுமதித்துவிட்டது. மருந்து என்று சொல்லி விற்றால் மட்டும் நம்பாதீர்கள். தோல் நீக்கிய விதை 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம், நல்லதுதான். நிலக்கடலையில் சுமார் 25, கொள்ளில் 22. விலையை நீங்களே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டு அப்படியே பக்கத்து மளிகைக் கடையில் அரைக் கிலோ கொள்ளு வாங்கிப் போய் அம்மாவிடம் பருப்புக் கடையச் சொல்லுங்கள்.