‘உங்களுக்குக் குற்றவுணர்வு உண்டா?’ என்று கேட்காதீர்கள்: ஆவணப்படக் கேள்வி-பதில்

தென் ஆப்பிரிக்காவின் நிறவெறிக் காலத்தை இன்றைய வெள்ளையர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு மணி நேரப் படம் எடுக்கிறோம். குற்றவுணர்வு பற்றிக் கேட்டால் ‘அப்போது நான் சின்னப் பையன்’ என்று நழுவுகிறார்கள். எப்படிப் பேச வைப்பது? (மதுரை வாசகி)

அந்தக் கேள்வியையே தூக்கிப் போடுங்கள். அதற்குக் கிடைப்பது மறுப்பு, இல்லாவிட்டால் அழுகை. அழுகை இன்னும் ஆபத்து. அழுபவரைச் சுற்றியே படம் போய்விடும். வீட்டை இழந்தவர் துணைப் பாத்திரமாகிவிடுவார்.

உணர்ச்சியை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். இந்த வீட்டை உங்கள் அப்பா எந்த வருடம், யாரிடம் வாங்கினார்? வேலைக்கார அம்மா எந்தத் தட்டில் சாப்பிட்டார், இரவில் எங்கே படுத்தார்? 1967 முதல் வெள்ளை ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். உங்களுக்கு எப்போது அழைப்பு வந்தது, எங்கே அனுப்பினார்கள்? இவற்றுக்கு ‘தெரியாது’ என்று சொல்வதுகூட ஒரு பதில்தான்.

பேட்டிக்குப் போகும்முன் காகிதங்களைத் திரட்டுங்கள். இன்னின்ன இனத்தார் இன்னின்ன பகுதியில்தான் வாழலாம் என்று வகுத்தது 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966 பிப்ரவரியில் ‘வெள்ளையர் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். நீங்கள் எடுக்கும் ஊருக்கான அரசிதழ் அறிவிப்பு, வீட்டின் பத்திரப் பதிவு இரண்டின் நகலையும் அவர் கையில் கொடுங்கள். கேமரா ஓடட்டும், பத்து விநாடி நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். புதிதாகப் பேட்டி எடுப்பவர்கள் அந்த மௌனத்தைத் தாங்காமல் அடுத்த கேள்விக்குத் தாவித்தான் நல்ல காட்சியைக் கெடுக்கிறார்கள்.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் குற்றவாளிகள் மன்னிப்புக் கேட்ட காட்சிகளை வைத்தே படத்தைக் கட்டலாமா? (கோவை வாசகர்)

கட்டலாம், அஸ்திவாரம் ஆடும். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க 1995-இல் போட்ட சட்டப்படி, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996 ஏப்ரலில் இந்த ஆணையத்தின் விசாரணைகள் தொடங்கின. பொதுமன்னிப்புக்கு முக்கிய நிபந்தனைகள்: செயலுக்கு அரசியல் நோக்கம் இருக்க வேண்டும், நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும். வருந்த வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது! விண்ணப்பங்கள் 7,000-க்கும் மேல். கிடைத்தது 849 பேருக்கு. ஆகவே ஒருவர் தலை குனிவதையும் அடுத்த ஷாட்டில் அவருக்குப் பொதுமன்னிப்பு கிடைப்பதையும் ஒட்டினால், இல்லாத காரண காரியத்தை எடிட்டிங் மேஜையில் உண்டாக்குகிறீர்கள்.

இன்னொரு பள்ளமும் உண்டு. ஆணையம் எடுத்துக்கொண்டது 1960 மார்ச் முதல் 1994 மே வரை நடந்த கொலை, கடத்தல், சித்திரவதை, கடுமையான கொடுமை ஆகியவற்றை. கறுப்பினத்தவர் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தில் பிடிபட்டு இரவெல்லாம் காவல் நிலையத்தில் கிடந்தவரும், தெருவோடு பெயர்க்கப்பட்ட குடும்பமும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வரவில்லை. ஆணையக் காட்சியை மட்டும் நம்பினால், கொடுமை செய்தவர்கள் சில போலீஸ்காரர்கள்தான், மற்றவர்கள் அப்பாவிகள் என்று படம் சொல்லிவிடும். பலருக்கு அது வசதியான முடிவும்கூட.

ஒலியையும் கவனியுங்கள். ஆணைய விசாரணையில் மொழிபெயர்ப்பாளர்கள் ‘நான்’ என்று தன்மையிலேயே பேசினார்கள். நீங்கள் கேட்கும் ஆங்கிலக் குரல் சாட்சியுடையதாக இல்லாமல் இருக்கலாம். மூல மொழி ஒலித்தடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அதிலிருந்தே தமிழாக்குங்கள்.

1960-களின் வெளியேற்றக் காட்சிகள் அந்த நாட்டுத் தொலைக்காட்சியிடம் கிடைக்குமா? (தஞ்சை வாசகர்)

தென் ஆப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரியில். அதற்கு முந்தையதைத் திரையரங்குச் செய்திச் சுருள், வெளிநாட்டு நிறுவனங்கள் எடுத்த படம், புகைப்படம் ஆகியவற்றில் தேடுங்கள். செய்திச் சுருளின் வர்ணனை அந்தக் கால அரசின் குரலாக இருந்தால் அதை வெட்டாதீர்கள், அதுவும் சான்றுதான். 4:3 சட்டகத்தை அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் உப்பிப்போகும். இருபுறமும் கறுப்பு விடுங்கள்.

பழைய காட்சிகளுக்கான உரிமம் நொடி அல்லது நிமிடக் கணக்கு. முதலில் டைம்கோட் (ஒவ்வொரு பிரேமின் நேர எண்) பொறித்த, தரம் குறைந்த பிரதியை வைத்து எடிட் செய்து, படத்தின் எடிட்டிங் இறுதியான பிறகு தேவைப்பட்ட நொடிகளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். திரைப்பட விழா உரிமம் மட்டும் வாங்கினால், நாளை ஓடிடி வரும்போது அதே காட்சிக்கு மறுபடி பை அவிழ்க்க வேண்டும்.

அங்குள்ள தமிழர்களை இந்தப் படத்தில் எங்கே வைப்பது? (திருச்சி வாசகி)

ஒரே பக்கத்தில் வைக்க முடியாது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு இறக்கியதில் தொடங்கி, நிறவெறிச் சட்டத்தில் வீடிழந்தது வரை வந்தால் அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். 1984-இல் வெள்ளையர், கலர்ட் (நிறவெறிச் சட்டம் தனி இனமாக வகுத்த ஒரு பிரிவினர்), இந்தியர் மூவருக்கும் தனித்தனி அவையோடு நாடாளுமன்றம் வந்தது. நாட்டில் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு இடமில்லை. இந்தியர்களில் மிகப் பலர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். சிலர் போய் உட்கார்ந்தார்கள். புறக்கணித்த வீட்டிலும் உட்கார்ந்த வீட்டிலும் கேமரா வையுங்கள்.

ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரி டர்பன் கலவரத்தைத் தொட்டால் எண்களை முழுதாகச் சொல்லுங்கள். இறந்த 142 பேரில் 50 பேர் இந்தியர், 87 பேர் ஆப்பிரிக்கர். இரண்டாவது எண்ணை விழுங்கினால் அது பிரசாரப் படம்.

இருவர் மட்டும் போகிறோம். என்ன கருவிகள்? (நெல்லை வாசகர்)

படம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், ஒலி கெட்டால் எழுந்து போவார்கள். காலர் மைக்கை மோவாய்க்குக் கீழ் ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள். சால்வை, கழுத்துச் சங்கிலி உரசினால் அந்தப் பேட்டி வீண். இன்னொரு மைக் தலைக்கு மேலே. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே. அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். அங்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். 25 பிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் குழல்விளக்கு துடிக்காது. அன்றன்றைய பதிவுக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

சப்டைட்டிலில் ‘கலர்ட்’ என்பதைக் கலப்பினத்தவர் என்று போடலாமா? (சென்னை வாசகி)

வேண்டாம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் சூட்டிய வகைப் பெயர் அது. அதற்குள் கேப் மலாய் மக்களும் கிரிக்வா மக்களும் அடக்கம். ‘கலர்ட்’ என்றே விட்டு, முதல் முறை வரும்போது வர்ணனையில் ஒரு வரி விளக்கிவிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் ஏழு விநாடிக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தமும் தட்டச்சு செய்யும்முன் ‘கொ’, ‘ணை’, ‘ஸ்ரீ’ மூன்றையும் அடித்து ஏற்றுமதி செய்து பாருங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பு எழுத்தை விட்டுத் தனியே போய் நிற்கும்.