சிடி பிளேயர் கட்டுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓடாமல் கிடந்த ஒரு பழைய சிடி பிளேயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். உள்ளே சோனி கேஎஸ்எஸ்-213சி பிக்கப் (லேசரால் சிடியைப் படிக்கும் பகுதி). கிரீட முத்திரை போட்ட டிடிஏ1541ஏ சிப் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பர்மா தேக்குப் பலகையும் கிடைத்தது. மேலிருந்து சிடியை வைக்கும்படி ஒரு பிளேயரும், அதோடு அந்தச் சிப்பை வைத்து ஒரு டாக்கும் (டிஜிட்டல் எண்களை இசைச் சிக்னலாக மாற்றும் சர்க்யூட்) ஒரே பெட்டியில் கட்ட ஆசை. அடியில் கருங்கல் பலகை போட்டால் பாஸ் கூடும் என்கிறார்கள், உண்மையா? ஓவர்சாம்பிளிங் (சிடியிலுள்ள மாதிரிகளுக்கு நடுவே கணக்கிட்ட மாதிரிகளைச் சேர்ப்பது) தேவையா? எங்கள் வீடு பழையது, வளவில் (முற்றம் சூழ்ந்த பகுதியில்) இரண்டு முனை பிளக் மட்டும்தான். எங்கே தொடங்குவது?

ச., தேவகோட்டை

அன்புள்ள ச.,

டாக்கிலிருந்து தொடங்குங்கள். பிக்கப்பைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். டாக்கை டிவிடி பிளேயரின் கோஆக்சியல் வெளியீட்டில் கொடுத்துச் சோதித்துவிடலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், சத்தம் வராதபோது குற்றம் எந்தப் பக்கம் என்று தேடியே மாதம் போய்விடும். ஒரே பெட்டி இப்போது வேண்டாம்.

முதலில் மின்சாரம். டிடிஏ1541ஏ-க்கு மூன்று வோல்டேஜ் வேண்டும்: சிப்பின் 28-ம் காலில் +5, 26-ல் −5, 15-ல் −15. இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ 27, 37, 25 மில்லி ஆம்பியர். இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடாதீர்கள். கோடையில் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதன் ஒரு பாதியில் 11.7 வோல்ட் ஏசிதான் வரும். டயோடு தாண்டியதும் 15.8. வோல்டேஜை நிலையாக வைக்கும் −15 ரெகுலேட்டருக்கு 17 வோல்ட்டாவது உள்ளே போக வேண்டும். போகாதபோது அது ரெகுலேட் செய்வதை விட்டுவிடும், 100 ஹெர்ட்ஸ் உறுமல் நேராக இசைக்குள் வரும். பகலில் சுத்தமாகப் பாடிய டாக் மாலையில் உறுமினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்க வேண்டும். 18-0-18 போட்டால் அதே 180-ல் 19 வோல்ட் கிடைக்கும். ஐந்து வோல்ட் ஜோடிக்கு 9-0-9, 500 மில்லி ஆம்பியர் போதும். லேசரைச் சிடியின் தடத்தில் நிறுத்தும் சர்வோவுக்கும் மோட்டாருக்கும் மூன்றாவதாகத் தனி டிரான்ஸ்ஃபார்மர். டிராக் தேடும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் டாக்கின் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. ஃபில்டர் கண்டன்சர்கள் 50 வோல்ட் ரேட்டிங்கில் இருக்கட்டும். ராத்திரி லைன் 250-க்கு ஏறும்போது 25 வோல்ட் கண்டன்சர் தாங்காது. எதிர்மறைப் பக்கத்துக்கு 7905, 7915 ரெகுலேட்டர்கள். 78 வரிசைக்கும் 79 வரிசைக்கும் கால்களின் வரிசை வேறு, அதைப் பார்த்துச் சால்டர் செய்யுங்கள். நிறைய போர்டுகள் புகைந்தது இங்கேதான்.

கிரீடம் என்பது லீனியாரிட்டி (எண்ணுக்கு ஏற்ற அளவில் கரண்ட் தரும் துல்லியம்) நன்றாக உள்ளவற்றைப் பொறுக்கி எடுத்ததற்கான அடையாளம். இன்று விற்பனைக்கு வரும் கிரீடங்களில் போலி ஏராளம். பஞ்சில் அசிடோன் தொட்டு முதுகில் தேயுங்கள். எழுத்து கரைவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்; கருப்புப் பூச்சே பஞ்சில் வந்து, அடியில் வேறு எழுத்தோ சுரண்டிய கீறலோ தெரிந்தால் அது மறுவேஷம் போட்ட சரக்கு. அப்படியே ஆனாலும் உள்ளே கிரீடமில்லாத அசல் டிடிஏ1541ஏ இருந்தால் நஷ்டம் காசில் மட்டும்தான், காதில் பெரிய வித்தியாசம் இராது. சிப்பை நேராகச் சால்டர் செய்யாதீர்கள். 28 கால் சாக்கெட் போட்டு, சிப் இல்லாமல் மூன்று வோல்டேஜையும் அளந்த பிறகு செருகுங்கள்.

சிப்பைச் சுற்றி நிற்க வேண்டிய கண்டன்சர்கள் பதினான்கு: 7 முதல் 13 வரை ஏழு, 18 முதல் 24 வரை ஏழு. எல்லாம் 0.1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் வகை. உள்ளே கரண்டைச் சரிபாதியாகப் பிரிக்கும் பகுதிகளின் சலசலப்பை வடிகட்டுவது இவை. மறுமுனைகள் அனலாக் கிரவுண்டான 5-ம் காலுக்கே திரும்ப வேண்டும், 14-ம் காலான டிஜிட்டல் கிரவுண்டுக்கு அல்ல. கண்டன்சரின் பிராண்டைத் தேடி அலைவதைவிடக் கால்களை ஒட்ட வெட்டி வைப்பது பலன் தரும். 16-க்கும் 17-க்கும் நடுவே 470 பிகோ ஃபாரட். 27-ம் காலை +5-ல் கட்டினால் சிப் ஐ2எஸ் முறையில் (டிஜிட்டல் ஒலியைச் சிப்புக்குச் சிப் மூன்று ஒயரில் அனுப்பும் முறை) வேலை செய்யும்.

கோஆக்சியல் ஒயரில் உள்ளே வரும் எஸ்பிடிஐஎஃப் டிஜிட்டல் சிக்னலை அந்த ஐ2எஸ் ஆக மாற்ற டிஐஆர்9001 ரிசீவர் போர்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளியீட்டு வடிவத்தை ஐ2எஸ்ஸில் வைக்க மறக்க வேண்டாம். டாக்குக்குப் போகும் மூன்று ஒயர்களிலும் 100 ஓம் தொடராகப் போடுங்கள், நீளம் பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பழைய பிளேயரின் போர்டிலிருந்தே அந்த மூன்று ஒயரை எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஜப்பானிய டீகோடர்கள் (சிடியில் படித்ததை ஒலி டேட்டாவாகப் பிரிக்கும் சிப்கள்) பல, பிட்டுகளை வலப்பக்கம் ஒதுக்கி அனுப்புகிறவை. ஐ2எஸ் எதிர்பார்க்கும் சிப்பில் அதைக் கொடுத்தால் பாட்டுக்குப் பதில் கரகரவென்று இரைச்சல்தான் வரும். பெட்டிக்குப் பெட்டி இணைக்கக் கடையில் விலையுயர்ந்த கேபிள் கேட்க வேண்டாம். கேபிள் டிவிக்காரர் இழுக்கும் ஆர்ஜி-6 ஒயர் 75 ஓம்தான், அதுவே போதும். ரிசீவர் பக்கம் 75 ஓம் ரெசிஸ்டரும் ஒரு பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கட்டும்.

டிடிஏ1541ஏ தருவது வோல்டேஜ் அல்ல, கரண்ட்: முழு அளவில் 4 மில்லி ஆம்பியர். அதன் வெளியீட்டுக் கால்களில் 25 மில்லி வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. ஆகவே ஒரு ரெசிஸ்டரைத் தொங்கவிட்டு வோல்டேஜ் எடுக்கும் எளிய வழி இதற்கு ஒத்துவராது, டிஸ்டார்ஷன் கூடும். சானலுக்கு ஒரு என்இ5534 ஆப்-ஆம்ப் போடுங்கள், கரண்டை வோல்டேஜாக மாற்றுவது அதுதான். ஃபீட்பேக்கில் 1.5 கிலோ ஓம், அதற்கு இணையாக 2.2 நானோ ஃபாரட். உச்சி முதல் உச்சி வரை 6 வோல்ட், அதாவது 2.1 வோல்ட் ஆர்எம்எஸ் வரும். வழக்கமான சிடி பிளேயர்கள் தருவதும் இதே அளவுதான். சத்தமில்லாத டிராக் ஓடும்போது ஆப்-ஆம்பின் வெளியீட்டில் சுமார் +3 வோல்ட் டிசி நின்றால் எல்லாம் சரி. பூஜ்யமோ 6 வோல்ட்டோ நின்றால் டேட்டா சரியாகப் போகவில்லை. அந்த மூன்று வோல்ட்டைத் தடுக்க 4.7 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கண்டன்சர். அது இல்லாமல் ஆம்பிளிஃபயரில் இணைக்கவே இணைக்காதீர்கள்.

ஓவர்சாம்பிளிங் இல்லாமல் தொடங்கலாம். விலை என்னவென்று தெரிந்திருக்கட்டும்: 10 கிலோ ஹெர்ட்ஸில் 0.75 டெசிபல், 20 கிலோ ஹெர்ட்ஸில் 3.2 டெசிபல் குறையும். நாதஸ்வரத்தில் இது தெரியாது, ஜால்ராவில் தெரியும். பிடிக்காவிட்டால் எஸ்ஏஏ7220 ஃபில்டரைச் சேருங்கள். அது கரண்ட்டை நிறைய இழுக்கும், சூடாகும், தனி ரெகுலேட்டர் வேண்டும்.

இனி பிக்கப். பழையது தேய்ந்திருந்தால் புதிய 213சி எளிதாகக் கிடைக்கிறது. புதியதில் லேசரைக் காக்க ஒரு சால்டர் பொட்டு வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள். ஃபிளாட் கேபிளைச் செருகிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் விரலின் ஸ்டேடிக்கே லேசரைக் கொன்றுவிடும். எடுக்க மறந்தால் டிஸ்ப்ளே 'நோ டிஸ்க்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்திலுள்ள குட்டி டிரிம்மரைத் திருப்பினால் செத்த லேசர் சில வாரம் உயிர் பெறும், பிறகு ஒரேயடியாகப் போகும். அதைத் தொடாதீர்கள்.

மோட்டாரை மாற்றுவதானால், சிடி உட்காரும் வட்டின் உயரத்தைக் கழற்றும் முன் வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உயரம் மாறினால் ஃபோகஸ் காயில் எப்போதும் ஒரு பக்கம் இழுத்தபடியே வேலை செய்து சூடாகும். கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவினால் பெரும்பாலும் சறுக்குக் கம்பியில் கிரீஸ் இறுகியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து வெள்ளை கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

கருங்கல்லால் பாஸ் கூடாது. சிடி உள்ளே 500, வெளியே 200 சுற்று என்று வேகம் மாறிக்கொண்டே ஓடுவது. படித்த டேட்டா டீகோடரின் நினைவகத்தில் தங்கி, கிரிஸ்டல் சொல்லும் வேகத்தில்தான் வெளியேறும். சுழற்சியின் தடுமாற்றம் அங்கேயே நின்றுவிடுகிறது. கனமான வட்டும் வேண்டாம், அந்தச் சிறிய மோட்டாரால் வேகத்தை மாற்ற முடியாமல் போகும். மெக்கானிசத்தை அதன் ரப்பர் புஷ்களிலேயே நிறுத்துங்கள்.

தேக்கு அழகு, ஆனால் மின் இரைச்சலைத் தடுக்காது. உட்புறம் முழுக்க அலுமினியத் தகடு அடித்து எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனை பிளக்கில் எர்த்தே இல்லையே. ஒயர்மேனை அழைத்து மூன்றாவது கம்பி இழுங்கள். அதை நியூட்ரலில் முடிச்சுப் போடும் குறுக்கு வழிக்குச் சம்மதிக்காதீர்கள், நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட். நம் பக்கத்துச் செம்பாறை மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு வேண்டும். பிரைமரியில் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வளவில் வைத்துக் கேட்டு டாக்கை எடை போடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரையும் ஒலியை விழுங்குவதில்லை. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள், படபடவென்று திரும்பும். உள்ளறையில் ஜமக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்துக் கேளுங்கள்.

மூடி திறந்தால் லேசர் அணையும்படி ஒரு மைக்ரோ சுவிட்ச் கட்டாயம். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, எரிகிறதா என்று குனிந்து பார்க்கும் பழக்கம் ஆபத்து. ஆசிலோஸ்கோப் கிடைத்தால், பிக்கப் படித்தது வந்து சேரும் ஆர்எஃப் சோதனைப் புள்ளியில் வரும் சிக்னலைப் படமெடுத்து அனுப்புங்கள். வைர வடிவங்கள் நடுவில் தெளிவாகத் திறந்து, உயரம் ஏறத்தாழ ஒரு வோல்ட் இருந்தால் பழைய பிக்கப்பையே வைத்துக்கொள்ளலாம்.