ஒடியற்கூழ் வெளிநாட்டில் கசப்பது ஏன்?

ஊரிலிருந்து அனுப்பிய ஒடியல் மாவில் ரொறன்ரோவில் காய்ச்சிய ஒடியற்கூழ், அதாவது மீனும் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சும் யாழ்ப்பாணக் கூழ், கசக்கிறது, கட்டியும் பட்டுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மாவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் உலர்த்தியது. ஆகவே கிழங்கின் இயல்பான கசப்பு மாவிலும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து, அது அடியில் படிந்த பின் மேல்நீரை வடித்து, மீண்டும் புதுநீர் விட்டு, கசப்பு நீங்கும்வரை இப்படியே செய்வோம். இதைச் சுருக்கினால் எவ்வளவு பழப்புளி விட்டாலும் கசப்பு மறையாது. அவித்து உலர்த்திய புழுக்கொடியலின் மா இதற்கு ஏற்றதன்று. பொதியில் எது எழுதப்பட்டுள்ளது என்று ஒருமுறை பாருங்கள்.

கட்டி படுவதற்குக் காரணம், மாவைச் சேர்க்கும் வேளை. புழுங்கல் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் ஆகியன முதலில் அவிந்து, பிறகு நண்டும் இறாலும் மீனும் வெந்து முடிந்த பின்னரே, அரைத்த செத்தல் மிளகாயையும் புளியையும் ஒடியல் கரைசலுடன் கலந்து, தீயைக் குறைத்து, துழாவிக்கொண்டே ஊற்ற வேண்டும். உறைய வைத்த பலாக்கொட்டையும் நண்டும் தாராளமாகப் போதும். முருங்கையிலை கிடைக்காவிட்டால் வேறு கீரை போடலாம். மீன் தலையைத் தவிர்ப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆறினால் கூழ் மேலும் தடிக்கும் என்பதால், சற்று நீர்ப்பதமாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.