கைப்பேசி இருக்கும்போது ஊர் நூலகத்தால் யாருக்கு என்ன பயன்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாலு பெரியவர்கள் பேப்பர் படிப்பதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை, அதை இடித்துக் கடை கட்டினால் ஊராட்சிக்கு வாடகையாவது வரும் என்கிறீர்கள். உங்களுக்கு வீட்டில் ஒரு அறையும் மேசையும் இருக்கும், கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னியுங்கள். எனக்கு அதில் ஒன்றுகூட இருந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். 2016இல் பி.எஸ்சி. கணக்கு முடித்தேன். வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. கூடத்திலேயே அம்மாவின் தையல் மெஷின், ஆத்தாவின் கட்டில், டிவி எல்லாம். புத்தகத்தை விரித்தால் பத்து நிமிஷத்தில் "அடுப்புல பாலைப் பாரு", "கொடியில துணியை எடு". படிக்கிற பெண் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் எல்லார் கண்ணுக்கும் படும். என் தம்பி டீக்கடை பெஞ்சில் மணிக்கணக்கில் உட்காருவான், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான் எங்கே போய் உட்காருவது? காசு கொடுக்காமல், "எதுக்கு வந்தே" என்ற கேள்வி இல்லாமல் ஒரு பெண் மூன்று மணி நேரம் இருக்கக்கூடிய இடம் எங்கள் ஊரில் இரண்டுதான். கோவில், நூலகம். கோவிலில் நோட்டை விரிக்க முடியாது.

நூலகத்தில் ஒரே ஒரு நீள மேசை. அதில் நாங்கள் ஆறு பெண்கள், எல்லாரும் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்தவர்கள். அப்போது 200 கேள்வியில் 100 பொதுத்தமிழ். அதற்குப் பள்ளிப் பாடப்புத்தகம்தான் வேதம். 2018இல் ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் புதுப் புத்தகம் வந்துவிட்டது. பழையதைப் படிப்பதா புதியதைப் படிப்பதா என்று தவித்தோம். நூலகர் சார் பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்து இரண்டையும் வாங்கி வந்து எங்கள் மேசையிலேயே வைத்தார். அது அவர் வேலையில் சேர்த்தி இல்லை.

நீங்கள் சொல்லும் அந்த "நாலு பெரியவர்கள்" எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களில் ஒருவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். கதவு திறக்கும் முன்பே திண்ணையில் இருப்பார். பேப்பரை முதலில் அவர்தான் பிரிப்பார். வேலைவாய்ப்பு அறிவிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து என் முன்னால் வைத்து, "பாப்பா, உனக்கு ஒண்ணு வந்திருக்கு" என்பார். என் சொந்தத் தாத்தா எனக்கு அப்படி எதையும் எடுத்து வைத்ததில்லை.

2018 பிப்ரவரித் தேர்வில் நான் தேறவில்லை. அந்த நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல். கைப்பேசி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள், இதற்காகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. இரண்டாம் நாளே கைப்பேசிகள் எல்லாம் அணைந்துவிட்டன, டவரும் இல்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் பேப்பர் வந்தது. நூலகத்தில் பாதி ஓடு பறந்து போயிருந்தும் சார் கதவைத் திறந்து வைத்தார். சாய்ந்த தென்னைக்கு நிவாரணம் 600 ரூபாயா 1,100 ரூபாயா என்று ஊரெல்லாம் சண்டை. லாரி தாத்தா திண்ணையில் நின்று பேப்பரை உரக்க வாசித்தார். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. எழுத்து தெரியாதவர்கள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நாங்கள் ஆறு பேரும் அதே மேசையில் உட்கார்ந்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். மனு எழுதாத நேரத்தில், நனைந்த புத்தகங்களைக் கோவில் பிராகாரத்தில் விரித்துக் காய வைத்தோம். அந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இன்றைக்கும் ஊதிப்போய்த்தான் இருக்கிறது.

2019 செப்டம்பர் 1ஆம் தேதித் தேர்வில் தேறினேன். இப்போது அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். எங்கள் ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் வேலை கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்குப் போனால் வேலை நிச்சயம் என்று சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அந்தத் தேர்வில் முறைகேடு நடந்தது தெரிந்து, 2020 ஜனவரியில் தேர்வாணையமே 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டது. அவர்கள் யாரோ, நான் யாரோ. ஆனால் அந்தப் பொங்கல் கழிந்த பிறகு நான் போன ஒவ்வொரு கல்யாணத்திலும் "நீ எவ்வளவு குடுத்தே" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் என் சொந்தச் சித்தப்பாவும் ஒருவர். மின்விசிறி சுற்றாத மேசையில் புழுங்கிப் படித்ததை யாரிடம் காட்டி நிரூபிப்பது? நூலகர் சார் மட்டும்தான், கேட்டவர்களிடம் வருகைப் பதிவேட்டை எடுத்துப் போட்டு, "இந்தப் பொண்ணு கையெழுத்து இல்லாத நாளைக் காட்டுங்க" என்றார்.

உங்கள் கேள்விக்கே வருகிறேன். வரிப்பணம் வீண் என்று சிலர் கிளம்புவார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டம் அது, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். அதற்குப் பாடுபட்ட நூலகத் துறை அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். அதற்கும் முன்னால், 1931இலேயே எங்கள் மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகத்துக்கு வரமுடியாதவர்களைத் தேடிப் புத்தகம் போன மண்ணில் இருந்துகொண்டு, இருக்கிற கட்டடத்தையும் இடிப்போம் என்று கேட்கும்போது எனக்கு வலிக்கிறது.

குறை இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் நூலகத்தில் கழிப்பறை இல்லை. மதியம் வீடு போய்ச் சேரும்வரை நாங்கள் ஆறு பேரும் தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்ததும் 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலரானேன். அந்தத் தகுதியில் கழிப்பறைக்காக மூன்று மனு கொடுத்துவிட்டேன், நான்காவதும் கொடுப்பேன். உங்கள் ஊரில் கடை கட்டச் சொல்லி மனு எழுதுவதாக இருந்தால், அதற்கு முன்னால் இதைக் கேட்டு ஒன்று எழுதுங்கள்.

எப்போது போனாலும் பூட்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை விடுமுறை, மதியத்தில் பூட்டி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். உங்கள் ஊரிலும் கதவில் நேரம் எழுதியிருப்பார்கள், பாருங்கள். ஒரு நாள் காலை, திறந்த உடனே போய் அந்த நாலு பெரியவர்களுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். மேசையின் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள், நான் படிக்கிறேன்.